என்.எம்.ஆர். மூலம் மருந்தின் தூய்மையையும் கறுவாவின் தரத்தையும் அளப்பது எப்படி

ஒரு மருந்து மூலப்பொருளின் தூய்மையை எச்.பி.எல்.சி.யில் (உயர்திறன் திரவ நிறப்பகுப்பியலில்) அளக்க வேண்டுமானால், அதே மருந்தின் சான்றளிக்கப்பட்ட நியமம் (ஒப்பிட்டு அளப்பதற்கான தூய மாதிரி) கையில் இருக்க வேண்டும். கொழும்பு ஆய்வுகூடங்களுக்கு இது தீராத தலையிடி. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குப்பி, அதுவும் டொலர் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். மூலிகைச் சேர்வைகள் பலவற்றுக்கு நியமமே விற்பனையில் இல்லை.

என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்தப் பரிவு) இந்தக் கட்டை அவிழ்க்கிறது. புரோத்தன் (ஐதரசன்) நிறமாலையில் ஓர் உச்சியின் பரப்பு, அந்த உச்சியைத் தரும் ஐதரசன் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமானது. அந்த அணுக்கள் எந்த மூலக்கூற்றில் இருக்கின்றன என்பது கணக்கில் வராது. எனவே தூய்மை தெரிந்த மலேயிக் அமிலம் ஒரு குப்பி இருந்தால் பரசிட்டமோலையும் அளக்கலாம், கூமரினையும் அளக்கலாம். அமெரிக்க மருந்துநூலின் 761ஆம், 1761ஆம் அத்தியாயங்களும் ஐரோப்பிய மருந்துநூலின் 2.2.33ஆம் பகுதியும் இந்த முறைக்கு இடம் கொடுத்திருக்கின்றன.

ஆனால் கட்டமைப்பைப் பார்ப்பதற்காக அவசரமாக எடுத்த நிறமாலையின் பரப்பை நம்பித் தூய்மை சொல்லக்கூடாது. அதில் 10% வழு சர்வசாதாரணம். வழுவை 1%க்குக் கீழே கொண்டுவர வேண்டுமானால் நிறுத்தல் (எடை பார்த்தல்), கருவி செலுத்தும் வானொலி அலைத் துடிப்புகளுக்கு இடையிலான காத்திருப்பு, தொகையீட்டு எல்லை (உச்சியின் பரப்பை எங்கிருந்து எதுவரை கூட்டுவது) ஆகிய மூன்றிலும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கருவி 400 மெகாஹேர்ட்ஸா 600ஆ என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

கரைப்பானும் நியமமும்

பரசிட்டமோலை எடுத்துக்கொள்வோம். மூலக்கூற்றுத் திணிவு 151.16. டி.எம்.எஸ்.ஓ.-டி6 (ஐதரசனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள டைமெதைல் சல்பொக்சைட்டு) கரைப்பானில் அதன் அரோமற்றிக்கு ஐதரசன்கள் சுமார் 7.33, 6.68 பி.பி.எம். (நிறமாலையில் உச்சியின் இடத்தைக் குறிக்கும் அலகு) இடங்களில் இரண்டு இரட்டைகளாகவும், மெதைல் கூட்டம் 1.98இல் கூரிய ஒற்றையாகவும் வரும். 9க்கு மேல் வரும் இரண்டும் ஒட்சிசனிலும் நைதரசனிலும் தொங்கும் ஐதரசன்கள். அவை நீருடன் இடம் மாறிக்கொள்பவை. அவற்றை ஒருபோதும் தொகையிடாதீர்கள்.

உள்நியமம் (மாதிரியுடன் ஒன்றாகக் கரைக்கும் நியமம்) நான்கு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய வேண்டும்: அதே கரைப்பானில் கரைய வேண்டும், மாதிரியுடன் தாக்கமுறக்கூடாது, ஆவியாகக்கூடாது, அதன் உச்சி வேறு உச்சிகள் இல்லாத இடத்தில் விழ வேண்டும். மலேயிக் அமிலம் (திணிவு 116.07, 2 ஐதரசன், டி.எம்.எஸ்.ஓ.வில் சுமார் 6.27) இங்கே பொருந்துகிறது. மாதிரி அமீன் வகை மருந்தாக இருந்தால் மலேயிக் அமிலம் அதனுடன் உப்பாகி, உச்சிகளை இடம்பெயர்த்துவிடும். அப்போது டைமெதைல் சல்போனுக்கு (94.13, 6 ஐதரசன், சுமார் 3.0) மாறுங்கள். குளோரோபோமில் வேலை செய்யும்போது 1,3,5-டிரைமெதொக்சிபென்சீன் (168.19, 6.09இல் 3 ஐதரசன்) நல்ல தெரிவு.

கொழும்பின் ஈரப்பதம் இந்த வேலைக்கு எதிரி. டி.எம்.எஸ்.ஓ. காற்றிலிருந்து நீரை உறிஞ்சும்; 3.33இல் உள்ள நீர் உச்சி நாளுக்கு நாள் வளர்வதை நீங்களே பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனி படியும். அரைமணி நேரமாவது அறை வெப்பநிலையில் வைத்துவிட்டுத் திறவுங்கள். கூடுமானவரை 0.6 அல்லது 0.75 மி.லீ. அடைத்த ஒற்றைப் பயன்பாட்டுக் கண்ணாடிக் குப்பிகளை வாங்குங்கள். விலை கூடினாலும் பெரிய போத்தலில் பாதி வீணாவதை விட இலாபம். இன்னொன்று: டி.எம்.எஸ்.ஓ. சுமார் 18.5 பாகையில் உறையும். குளிரூட்டியை 17இல் வைத்த அறையில் குழாய்க்குள் பளிங்கு தோன்றினால் மாதிரி கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை. கையில் பிடித்துச் சூடாக்கி, முழுவதும் தெளிந்த பிறகு அளவெடுங்கள்.

நிறுத்தல்

மொத்த வழுவில் பெரும்பங்கு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. 0.01 மி.கி. வரை காட்டும் தராசில், அமெரிக்க மருந்துநூலின் கணக்குப்படி நிறுக்கத்தகும் மிகக் குறைந்த அளவு 8.2 மி.கி. 0.1 மி.கி. தராசானால் அது 82 மி.கி. ஆகிவிடும். எனவே ஐந்து தசமத் தராசில் 10 மி.கி.க்குக் கீழே போகாதீர்கள். மாதிரி 20 மி.கி., மலேயிக் அமிலம் 10 மி.கி. என்று தொடங்கலாம்.

இரண்டையும் ஒரே சிறு குப்பிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுங்கள். பின்னர் சுமார் 1 மி.லீ. கரைப்பான் விட்டு, முழுவதும் கரையும் வரை குலுக்குங்கள். இந்தக் கரைப்பானை அளந்து ஊற்ற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கரைசலில் இருப்பதால் கனவளவு கணக்கிலிருந்து தானாக விலகிவிடும். ஆனால் ஒரு துகள் கரையாமல் அடியில் தங்கினாலும் விடை தவறும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கரைசலில் 0.6 மி.லீ.யை 5 மி.மீ. குழாய்க்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று தனித்தனி நிறுத்தல்கள் வேண்டும். ஒரே குழாயை மூன்று முறை அளப்பது கருவி மீண்டும் மீண்டும் ஒரே விடை தருகிறதா என்பதைத்தான் காட்டும்; நிறுத்தலில் விட்ட பிழையைக் காட்டாது.

அளவெடுப்பு

குழாயைச் சுழற்ற வேண்டாம். சுழற்சி பக்க உச்சிகளை உண்டாக்கிப் பரப்பைத் திருடும். வெப்பநிலையை 25 பாகையில் நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். காந்தமாக்கத்தை 90 பாகை திருப்பும் துடிப்பின் நீளத்தை அந்த மாதிரியிலேயே அளந்து கொள்ளுங்கள்: 360 பாகைக்குரிய நீளத்தில் உச்சி பூச்சியமாகும், அதை நான்கால் வகுத்தால் போதும்.

அடுத்தது காத்திருப்பு. ஒவ்வொரு ஐதரசனுக்கும் ஒரு தளர்வு நேரம் (துடிப்புக்குப் பின் பழைய நிலைக்கு மீளும் வேகத்தின் அளவு) உண்டு. 90 பாகைத் துடிப்புக்குப் பின் ஐந்து தளர்வு நேரம் காத்தால் காந்தமாக்கம் 99.3% மீளும்; ஏழு காத்தால் 99.9%. மாதிரியிலும் நியமத்திலும் எது மிக மெதுவாகத் தளர்கிறதோ, அதைக் கொண்டே காத்திருப்பைத் தீர்மானிக்க வேண்டும். 180 பாகை, இடைவேளை, 90 பாகை என்ற சோதனையில் உச்சி பூச்சியமாகும் இடைவேளையைக் கண்டுபிடித்து 1.44 ஆல் பெருக்கினால் தளர்வு நேரம் கிடைக்கும். இடைவேளை 3 விநாடி என்றால் தளர்வு நேரம் 4.3, அதன் ஏழு மடங்கு 30 விநாடி.

கருவியில் முன்கூட்டியே இருக்கும் 1 அல்லது 2 விநாடியை அப்படியே விட்டால் என்னாகும்? மெதுவாகத் தளரும் நியமத்தின் பரப்பு சிறுத்துவிடும். மாதிரியின் தூய்மை 104% என்று வரும். நூறைத் தாண்டிய விடை வந்தால் முதலில் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள், அதன் பிறகு தராசைப் பாருங்கள்.

400 மெகாஹேர்ட்ஸ் கருவிக்குத் தொடக்க அமைப்பு இப்படி இருக்கலாம்: நிறமாலை அகலம் 20 பி.பி.எம்., மையம் 6 பி.பி.எம்., 65,536 புள்ளிகள் (இதனால் பதிவு நேரம் சுமார் 4.1 விநாடி), காத்திருப்பு 30 விநாடி, 4 வெற்றுத் துடிப்புகள் (பதிவு செய்யாதவை), 16 பதிவுத் துடிப்புகள். பதிவு மட்டும் சுமார் 9 நிமிடம். அகலத்தை இதைவிடச் சுருக்காதீர்கள். ஓரங்களில் வடிகட்டி உச்சிகளை அமுக்கும். ஏற்பியின் பெருக்கத்தைக் கருவியே தீர்மானிக்கட்டும், ஆனால் மூன்று குழாய்களுக்கும் அதே எண்ணை வையுங்கள். பெருக்கம் மிகைத்தால் அடிக்கோடு உச்சியின் இருபுறமும் அலையடிக்கும். தொகையிடும் உச்சிக்கு சைகை-இரைச்சல் விகிதம் குறைந்தது 250 இருக்கட்டும். இல்லையேல் துடிப்புகளை 64 ஆக்குங்கள்.

தொகையீடும் கணக்கும்

கோட்டு அகலிப்பு 0.3 ஹேர்ட்ஸ் போதும். நிறமாலையின் அலைக் கட்டத்தைக் (phase) கையால் திருத்துங்கள், தன்னியக்கத் திருத்தத்தை நம்பாதீர்கள். ஒரு பாகைப் பிழைகூட உச்சியின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தும். அடிக்கோட்டைப் பல்லுறுப்புக் கோவையால் சமப்படுத்திய பிறகே தொகையிடுங்கள்.

என்.எம்.ஆர். உச்சியின் வால் நீளமானது. அதன் பரப்பில் 99%ஐப் பிடிக்க, அரை உயர அகலத்தின் 64 மடங்கு தூரம் தொகையிட வேண்டும். 1 ஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒற்றைக்கு இரு பக்கமும் 32 ஹேர்ட்ஸ், அதாவது 400 மெகாஹேர்ட்ஸில் 0.08 பி.பி.எம். எல்லா உச்சிக்கும் இதே விதியைப் பின்பற்றினால் விட்டுப்போன வால் இரு பக்கமும் சமப்படும்.

இங்கே காபன்-13 துணை உச்சிகள் குறுக்கிடுகின்றன. இயற்கைக் காபனில் 1.1% காபன்-13 ஆதலால், ஒவ்வொரு பெரிய உச்சியின் இரு பக்கமும் தலா 0.55% உயரத்தில் ஒரு நிழல் நிற்கும். அரோமற்றிக்குக் காபனானால் மையத்திலிருந்து சுமார் 80 ஹேர்ட்ஸ், மெதைலானால் சுமார் 64 ஹேர்ட்ஸ் தள்ளி. மாதிரியில் இவற்றைச் சேர்த்து நியமத்தில் விட்டால் 1.1% வழு உறுதி. இரண்டிலும் விட்டுவிடுங்கள்.

இதே நிழல் இன்னொரு பொறியையும் வைக்கிறது. பரசிட்டமோலின் முக்கிய மாசான 4-அமினோபீனோல் 6.43 முதல் 6.49 வரை வரும். மலேயிக் அமிலத்தின் மேற்பக்கத் துணை உச்சி 6.47 அருகே விழும், பரசிட்டமோலின் 6.68 உச்சியின் கீழ்ப்பக்கத் துணை உச்சியும் 6.48 அருகே விழும். அங்கே தெரியும் சிறு மேட்டைக் கண்டு "0.5% அமினோபீனோல் இருக்கிறது" என்று அறிக்கை எழுதுவது நடக்கக்கூடிய விபரீதம். காபன்-13 இணைப்பை நீக்கும் துடிப்புத் தொடரில் இன்னொரு முறை எடுங்கள்: மேடு மறைந்தால் அது நிழல், நின்றால் மாசு. எப்படியும், ஐரோப்பிய மருந்துநூல் மூலப்பொருளில் இந்த மாசுக்கு விதிக்கும் எல்லை பத்து இலட்சத்தில் 50 பங்கு. அந்த ஆழத்துக்கு என்.எம்.ஆர். இறங்காது, எச்.பி.எல்.சி.தான் வேண்டும்.

தூய்மைக்கான சூத்திரம்:

தூய்மை = (மாதிரிப் பரப்பு ÷ நியமப் பரப்பு) × (நியமத்தின் ஐதரசன் எண்ணிக்கை ÷ மாதிரியின் ஐதரசன் எண்ணிக்கை) × (மாதிரியின் மூலக்கூற்றுத் திணிவு ÷ நியமத்தின் மூலக்கூற்றுத் திணிவு) × (நியமத்தின் நிறை ÷ மாதிரியின் நிறை) × நியமத்தின் தூய்மை

உதாரணமாக, பரசிட்டமோல் 20.15 மி.கி., மலேயிக் அமிலம் 10.08 மி.கி. (தூய்மை 99.9%), 7.33 உச்சியின் பரப்பு நியமத்தின் 1.5258 மடங்கு என்று வைப்போம். இரண்டிலும் ஐதரசன் 2. 1.5258 × 1 × 1.3023 × 0.50025 × 99.9 = 99.3%. அதோடு நிறுத்தாமல் 1.98 மெதைல் உச்சியையும் (3 ஐதரசன்) தனியே கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் 0.5%க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்தால், அந்த உச்சிக்கு அடியில் வேறேதோ ஒளிந்திருக்கிறது.

வில்லைகளில் வேலை சற்று மாறும். 20 வில்லைகளை நிறுத்து, சராசரி கண்டு, மாவாக அரையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. மாச்சத்தையும் கரைத்து 3.5 முதல் 5.5 வரை பரந்த மேடு போடும். எனவே மெதனோல்-டி4 எடுங்கள், மாச்சத்தும் செலுலோசும் கரையாமல் அடியில் தங்கும். மீயொலித் தொட்டியில் 15 நிமிடம் வைத்து, மையநீக்கி, தெளிந்த மேற்கரைசலை அளவுங்கள். நியமத்தைப் பிரித்தெடுப்புக்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும். எஞ்சிய வண்டலை இன்னொரு முறை கழுவி அளந்து, மருந்து மிச்சமில்லை என்று ஒரு தடவையாவது உறுதிசெய்யுங்கள்.

கறுவாவும் கசியாவும்

இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குள் கறுவாவுக்கு உறவான வேறு மரத்தின் மலிவான பட்டையான கசியாவைக் கலந்து விற்றால், கெடுவது விவசாயியின் பெயர் மட்டுமல்ல, சாப்பிடுகிறவரின் ஈரலும்தான். கசியாவில், ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மி.கி. வரை இருக்கலாம், அசல் கறுவாவில் அது மிகச் சொற்பம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளைக்கு உடல் நிறை கிலோவுக்கு 0.1 மி.கி. என்று எல்லை வைத்திருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 6 மி.கி. கிலோவுக்கு 3000 மி.கி. கூமரின் உள்ள கசியாத் தூளில் 2 கிராமிலேயே அது நிரம்பிவிடும்.

புறக்கோட்டையில் பட்டையாக வாங்கினால் கண்ணே சொல்லும்: கறுவா மெல்லிய பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியது, கசியா தடித்த ஒற்றைச் சுருள். தூளாகிவிட்டால் கண்ணை நம்ப முடியாது. அப்போது 200 மி.கி. தூளை நிறுத்து, 1,3,5-டிரைமெதொக்சிபென்சீன் கரைத்த குளோரோபோம்-டி 1.0 மி.லீ. விடுங்கள். நியமத்தின் செறிவு மி.லீ.க்கு 1 மி.கி. போதும், 50 மி.கி.யை 50 மி.லீ. குடுவையில் கரைத்துப் பங்கிடலாம். அவ்வளவு கரைப்பான் கட்டுப்படியாகாவிட்டால் 10 மி.கி.யை 10 மி.லீ.யில் கரையுங்கள். இங்கே கனவளவு கணக்கில் வரும், எனவே குழாயியை ஒழுங்காகப் பிடியுங்கள். 30 நிமிடம் மீயொலி. குளோரோபோம் சூட்டில் பறந்துவிடும், ஆகவே தொட்டியில் பனிக்கட்டி போடுங்கள், மூடியை இறுக்குங்கள். பின்னர் பாஸ்டர் குழாயியில் பஞ்சு வைத்து வடிகட்டுங்கள்.

நிறமாலையில் பார்க்க வேண்டியவை: பட்டை எண்ணெயின் முக்கிய சேர்வையான சின்னமல்டிகைட்டின் அல்டிகைட்டு ஐதரசன் 9.71இல் இரட்டை, இலை எண்ணெயின் முக்கிய சேர்வையான யூஜினோலின் மெதொக்சி 3.88, யூஜினோலின் பக்கச் சங்கிலியிலுள்ள இரண்டு ஐதரசன் 3.32இல் இரட்டை, கூமரினின் இரண்டு இரட்டைகள் 6.42, 7.71. கூமரின் கிலோவுக்கு 3000 மி.கி. இருந்தால் இந்தக் கரைசலில் லீற்றருக்கு 4 மில்லிமூல் அளவு வரும். 16 துடிப்பிலேயே தெளிவாகத் தெரியும்.

6.42 பக்கம் ஏதோ தெரிகிறது என்பதற்காகக் கசியா என்று தீர்ப்பெழுதாதீர்கள். பழைய தூளில் சின்னமல்டிகைட்டு ஒட்சியேறிச் சின்னமிக் அமிலமாகியிருக்கும். அதன் இரட்டைகளும் 6.45, 7.79 என்று அதே அயலில் வரும். இரட்டையின் இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரத்தை ஹேர்ட்ஸில் அளவுங்கள்: கூமரின் வளையத்தில் 9.5, சின்னமிக் அமிலத்தில் 16. இந்த ஓர் எண் ஒரு வியாபாரியின் பெயரைக் காப்பாற்றலாம், அல்லது ஒரு கலப்படத்தைப் பிடிக்கலாம். ஐயம் தீராவிட்டால் அதே குழாயில் தூய கூமரின் ஒரு துளி சேர்த்து மீண்டும் எடுங்கள். அதே கோடுகள் உயர்ந்தால் கூமரின், பக்கத்தில் புதிய கோடுகள் முளைத்தால் வேறு.

கூமரின் தெரியவில்லை என்றால் "இல்லை" என்று எழுதக்கூடாது. அசல் கறுவாத் தூளில் கிலோவுக்கு 50, 100, 200 மி.கி. என்று கூமரினைச் சேர்த்து, உங்கள் கருவி எதுவரை பார்க்கிறது என்று கண்டறிந்து, "இந்த அளவுக்குக் கீழே" என்று எழுதுங்கள்.

பட்டை எண்ணெயில் மலிவான இலை எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க நியமமே தேவையில்லை. 9.71இன் பரப்பை 1 என்று வைத்து, 3.32இன் பரப்பை 2 ஆல் வகுத்தால், யூஜினோலுக்கும் சின்னமல்டிகைட்டுக்கும் உள்ள மூல் விகிதம் கிடைக்கும். இலை எண்ணெயில் யூஜினோல்தான் பிரதானம். பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட்டு. ஆனால் தொழிற்சாலையில் தொகுத்த சின்னமல்டிகைட்டைச் சேர்த்திருந்தால் புரோத்தன் நிறமாலை ஏமாந்துவிடும், மூலக்கூறு ஒன்றே. அதற்கு டியூட்டீரியம் எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் தனி முறை வேண்டும்.

குளோரோபோம்-டி வெளிச்சத்திலும் சூட்டிலும் அமிலமாகும். வெள்ளித் தகடு போட்ட போத்தலை இருட்டில் வையுங்கள்.

மூலிகைத் தூளில் மறைந்த ஸ்டீரொய்ட்

மூட்டுவலிக்கு "உடனடி நிவாரணம்" தரும் தூள் என்றால் டெக்சாமெதசோனையும் பிரெட்னிசலோனையும் சந்தேகியுங்கள். 2 கிராம் தூளை 10 மி.லீ. எதைல் அசிற்றேற்றில் குலுக்கி, வடித்து, ஆவியாக்கி, எச்சத்தை 0.6 மி.லீ. டி.எம்.எஸ்.ஓ.-டி6இல் கரையுங்கள். கிராமுக்கு 0.5 மி.கி. டெக்சாமெதசோன் கலந்திருந்தால் குழாயில் லீற்றருக்கு 4 மில்லிமூலுக்குச் சற்று மேல் வரும், தாராளமாகத் தெரியும். இந்த வகை ஸ்டீரொய்ட்டின் முத்திரை மூன்று உச்சிகள்: 7.3 அருகே 10 ஹேர்ட்ஸ் இரட்டை, 6.2 அருகே இரட்டையின் இரட்டை, 6.0 அருகே ஒடுங்கிய உச்சி. மூன்றும் சம பரப்பில் வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் அது தாவரத்தின் பீனோல்களில் ஏதாவதாக இருக்கலாம். டெக்சாமெதசோனும் பீட்டாமெதசோனும் திணிவில் ஒன்றேயாதலால் திணிவு நிறமாலைக்கு அவற்றைப் பிரிப்பது கடினம், என்.எம்.ஆரில் 16ஆம் காபனின் மெதைல் உச்சி வேறு வேறு இடத்தில் வந்து காட்டிக்கொடுக்கும். 1.17, 1.99, 4.03இல் வருபவை ஆவியாகாமல் எஞ்சிய எதைல் அசிற்றேற்றின் உச்சிகள்.

2008இல் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தில் மிகைசல்பேற்றேறிய கொன்ட்ரொய்ட்டின் சல்பேற்று கலந்து அமெரிக்காவில் உயிர்கள் பறிபோனபோதும் வழக்கமான சோதனைகள் அதைத் தப்பவிட்டன. ஹெப்பரினின் அசிற்றைல் மெதைல் உச்சி 2.04இல் நிற்க, 2.15 அருகே இன்னோர் உச்சி முளைத்திருந்ததை என்.எம்.ஆர். காட்டியது. அதன் பிறகு மருந்துநூல்கள் ஹெப்பரினுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கின.

மஞ்சள் தூளில் ஈயக் குரோமேற்றைத் தேடி இந்தக் கருவியிடம் வராதீர்கள். ஐதரசன் இல்லாத உப்பு இங்கே தெரியாது. பாணி மருந்தில் டைஎதிலீன் கிளைக்கோலின் எல்லை 0.10%, கிளிசரோலின் உச்சிகள் அதே இடத்தை அடைத்துக்கொள்வதால் வாயு நிறப்பகுப்பியலே அதற்குச் சரி. சந்தேகமான மருந்தொன்று அகப்பட்டால், மீதியை அதன் மூலப் பொதியுடன், தொகுதி எண் தெரியும்படி முத்திரையிட்டு வைத்து, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவியுங்கள். உங்கள் கோப்பில் செயலாக்கிய படத்தோடு நிற்காமல் மூலத் தரவையும் துடிப்பு அமைப்புகளையும் மூன்று நிறுத்தல்களின் தராசுச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். மறுபரிசீலனை வரும்போது கேட்கப்படுபவை அவைதான்.